மழலையர் வகுப்பு வாசலில் கேட்ட கேள்விகள்: சேலம், ஏற்காடு பெற்றோருக்காக

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய மழலையர் வகுப்பில் 22 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். அதில் கடைசி ஆறு ஆண்டுகள் மாதம் இருமுறை ஏற்காட்டுப் பேருந்தில் ஏறிப் போய், மலைக் கிராமத்துத் தாய்மார்களோடும் உட்கார்ந்து பேசி வந்தேன். கீழே சேலத்தில் கேட்ட சந்தேகங்களையே மேலே மலையிலும் கேட்டார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கு எழுதியிருக்கிறேன். பதில்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. "பையனுக்கு ரெண்டே முக்கால் வயசுதான் ஆகுது. இப்பவே சேர்க்கலைன்னா லேட்டாயிடுமா மிஸ்?"

ஆகாது. மூன்று வயதுக்கு முன் ஒரு குழந்தைக்கு வேண்டியவை நல்ல தூக்கம், வயிறார உணவு, ஓடியாட இடம், முகம் பார்த்துப் பேசும் இரண்டு மூன்று பெரியவர்கள். இவ்வளவும் வீட்டில் இருக்குமானால் அவசரப்படத் தேவையில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதால் பிள்ளையை எங்கேனும் விட வேண்டியிருந்தால் அது வேறு விஷயம். அப்போது பத்திரமான காப்பகமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அங்கே என்ன பாடம் நடத்துகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

நம் தாத்தா காலத்தில் வலக் கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக் காதைத் தொட முடிகிறதா என்று பார்த்துத்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். கை எட்டுவதற்குள் பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு வயது ஆகியிருக்கும். இன்று தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தவர்களை முதல் வகுப்பில் சேர்க்கிறார்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6 வயது என்கிறது. ஆகவே சிபிஎஸ்இ பள்ளியை மனத்தில் வைத்திருப்பவர்கள், ஒன்றாம் வகுப்புக்கு அங்கே எந்த வயதைக் கணக்கில் கொள்கிறார்கள் என்று எல்கேஜியில் சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் சேர்த்துவிட்டு, பிறகு வயது போதவில்லை என்று யுகேஜியில் இரண்டாம் முறை உட்கார வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

2. "அங்கன்வாடின்னா சத்துமாவும் சாப்பாடும் தானே? அங்க என்ன படிப்பு இருக்கு?"

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோதே, ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அதன் பணிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளையும் தொடங்கியது. எனவே படிப்பு இல்லை என்பது சரியன்று. அது எப்படி நடக்கிறது என்பது அந்தந்த மையத்துப் பணியாளரைப் பொறுத்தது.

ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். பாட்டு, கதை, கையால் செய்யும் வேலை, வெளியே விளையாட்டு என நான்கும் கண்ணில் பட்டால் தயங்காமல் விடலாம். சீருடையும் ஷூவும் இல்லை என்பதற்காக ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, வேனில் ஒரு மணி நேரம் சுற்றி வரும் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளையைச் சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லாத காரியம்.

3. "கேட்டுல விட்டதும் கதறி அழறா. ஒரு வாரம் ஆச்சு. விட்டுட்டு ஓடி வந்துடறதா, கூடவே உட்காரறதா?"

இரண்டும் வேண்டாம். கண் மறையும் நேரம் பார்த்து ஓடி வந்துவிட்டால், அம்மா எந்த நிமிடத்திலும் காணாமல் போகக்கூடியவள் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். மறுநாள் சேலை முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சொல்லிக்கொண்டு போங்கள். "பன்னிரண்டு மணிக்கு வருகிறேன்" என்பது அந்த வயதுக்குப் புரியாது. "சாப்பிட்டுக் கை கழுவினதும் நான் வாசலில் நிற்பேன்" என்பது புரியும். சொன்னபடி நிற்கவும் வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடுவார்கள். அதற்குப் பிறகும் சாப்பாடு இறங்காமல், இரவில் திடுக்கிட்டு எழுந்து அழுதால், அங்கே என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

4. "காலையில இருந்து விளையாடிட்டே வந்தா எப்போதான் படிப்பான்? ஃபீஸ் கட்டறது விளையாடறதுக்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தகப்பனார் இல்லை. ஒருவரிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாமல், வகுப்புக்குள் அழைத்து ஒரு மூலையில் உட்கார வைத்தேன். அன்று நான்கு பிள்ளைகள் தட்டுவடை செட் கடை போட்டிருந்தார்கள். களிமண்ணைத் தட்டித் தட்டுவடை ஆக்கியிருந்தார்கள்; சிவப்புக் காகிதக் கிழிசல் பீட்ரூட், பச்சைக் கிழிசல் சட்னி. கடைக்காரி இரண்டு தட்டுக்கு நடுவே துருவலை வைத்து மூடி, "அண்ணா, காரம் வெக்கவா, வேண்டாமா?" என்று கேட்டாள். வாங்க வந்தவன் புளியங்கொட்டையைக் காசாக நீட்டினான். "மூணு செட்டுக்கு ஆறு தட்டு வேணும்டா, அஞ்சுதான் இருக்கு," என்றான் பக்கத்தில் நின்றவன். நான்காவது பிள்ளைக்குக் கடையில் இடமில்லை என்பதால் சண்டை வந்தது. கடைசியில் அவன் பாத்திரம் கழுவுபவனாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டான்.

பதினைந்து நிமிடத்துக்குள் அந்த நால்வரும் இரண்டிரண்டாக எண்ணினார்கள்; ஒரு பொருளை இன்னொன்றாகப் பாவித்தார்கள்; தன் முறை வரும்வரை காத்திருந்தார்கள்; ஒருவரோடொருவர் பேசி ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். களிமண் ஒரு தட்டுவடை ஆகலாம் என்று ஏற்றுக்கொள்ளும் மனம்தான், பிற்பாடு 'க' என்ற கோட்டுருவம் ஓர் ஒலியைக் குறிக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ளும். இதையே ஒரு தாளில் கோடு இழுத்துப் பொருத்தச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போயிருப்பார்கள்.

ஆனால் விளையாட்டு என்ற பெயரில் முப்பது பிள்ளைகளை ஒரு அறையில் அவிழ்த்துவிட்டு ஆசிரியர் பதிவேடு எழுதிக்கொண்டிருப்பதை நான் இங்கே சொல்லவில்லை. பொருள்களைத் தேர்ந்து வைப்பதும், பார்த்துக்கொண்டே இருந்து வேண்டிய இடத்தில் ஒரு கேள்வியைப் போடுவதும் ஆசிரியரின் வேலை. அன்று நான் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆறாவது தட்டுக்கு என்ன செய்யப் போறீங்க?"

5. "விஜயதசமிக்கு நெல்லுல 'அ' எழுத வெச்சாச்சு. அப்புறம் ஏன் இன்னும் நோட்டுல எழுத வைக்க மாட்டேங்கறீங்க?"

நெல்லில் எழுதும் வழக்கத்தை நான் மனமார மதிக்கிறேன், அதிலுள்ள நுட்பத்துக்காகவும்தான். பரந்த தட்டு, விரல் நுனி, பெரிய எழுத்து, பெரியவரின் மடி என எல்லாம் மூன்று வயதுக்குப் பொருந்தியவை. பென்சிலும் இரட்டைக் கோடு நோட்டும் வேறு கதை. பிறக்கும்போது மணிக்கட்டு எலும்புகள் எட்டும் வெறும் குருத்தெலும்பே. அவை பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகின்றன. விரல்களின் சிறு தசைகளும் அப்படியே. மூன்று வயதுப் பிள்ளை பென்சிலை முழு உள்ளங்கையால் பிடித்துத் தோளிலிருந்து கையை அசைக்கிறது. அந்தக் கையைக்கொண்டு 'ழ'வின் சுழியையும் 'ண'வின் மூன்று வளைவுகளையும் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், எழுத்து வராததோடு எழுத்தின்மேல் வெறுப்பும் வந்து சேரும்.

கையைத் தயார்படுத்த நம் வீடுகளில் இல்லாத வசதி இல்லை. பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், கீரை ஆயட்டும், துணிக்கு கிளிப் மாட்டட்டும், வாசலில் ஈரக் கோலமாவில் புள்ளி வைக்கட்டும். ஊறிய ஜவ்வரிசியை விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பயிற்சி நோட்டும் அதற்கு ஈடாகாது. பெரும்பாலோருக்கு ஐந்து வயதை ஒட்டிப் பென்சில் மூன்று விரலுக்குள் தானாக வந்து உட்காரும்.

6. "எழுத்தைத் திருப்பிப் போடறா, அதுவும் இடது கையில. இப்பவே திருத்தணும்ல?"

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது ஆறு, ஏழு வயதுவரை சாதாரணம். ஒரு சொம்பை எப்படித் திருப்பி வைத்தாலும் அது சொம்புதான் என்று மூன்று ஆண்டுகளாகக் கற்றுவந்த மூளைக்கு, எழுத்து மட்டும் திசை மாறினால் வேறாகிவிடும் என்பது புதுச் செய்தி. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு: 'தே' என்று சொல்லும்போது த்-என்ற ஒலிதான் முதலில் காதில் விழுகிறது, எழுதும்போதோ கொம்பு முன்னால் வருகிறது. அதனால் பிள்ளைகள் 'த' எழுதிவிட்டுப் பின்னால் கொம்பைப் போடுவார்கள். அது காது கேட்டபடி எழுதியது, திட்டவேண்டிய தவறன்று.

இடக் கையைப் பற்றி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமியின் இடக் கையிலிருந்த பென்சிலை வாங்கி, நாள்தோறும் வலக் கையில் திணித்தேன். சில வாரங்களில் அவள் எழுதுவதை மட்டுமல்ல, பாட்டுக்கு எழுந்து ஆடுவதையும் நிறுத்திவிட்டாள். இடக் கையர் என்பது மூளையின் அமைப்பு, மாற்ற முயலாதீர்கள். சாப்பிடுவது வலக் கையால் இருக்கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால் அதை மெல்லச் சொல்லித் தரலாம், பென்சிலைத் தொட வேண்டாம்.

7. "நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றான். மூணு மாங்கா எடுத்துட்டு வாடான்னா கை நிறைய அள்ளிட்டு வர்றான்."

நூறு வரை சொல்வது அவனுக்கு ஒரு பாட்டு. எண்ணுவது என்பது ஒரு பொருளுக்கு ஒரு சொல், விட்டுப் போகாமலும் இருமுறை தொடாமலும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்று அறிவது. மூன்று வயதில் மூன்று, நான்கு வரை இது சரியாக வந்தாலே நிறைவு.

பல்லாங்குழியை விட நல்ல கருவி எனக்குத் தெரியாது. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும் விரலுக்கு, மேலே சொன்ன பாடம் யாரும் சொல்லாமலே விளங்கும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை அருகில் இருந்தால் மட்டும் புளியங்கொட்டையையும் சோழியையும் எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுக்கொள்வார்கள். இன்னொன்றையும் செய்து பாருங்கள்: வரிசைக்கு ஏழு கொட்டைகளாக இரண்டு வரிசைகளை நேருக்கு நேர் வைத்துவிட்டு, ஒரு வரிசையை மட்டும் அகலமாக இழுத்து வையுங்கள். எது அதிகம் என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளை நீண்ட வரிசையைக் காட்டும். குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே இந்தச் சோதனையைக்கொண்டே, சிறுவர்களின் சிந்தனை பெரியவர்களுடையதிலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது என்று விளக்கினார். நீங்கள் விளக்கம் சொல்லித் திருத்தினாலும் அடுத்த முறையும் அதையே காட்டும். ஆறு ஏழு வயதில் அதுவே சிரித்துக்கொண்டு "ரெண்டும் ஒண்ணுதானே" என்னும்.

8. "வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். குழம்பிடாதா? வீட்டுலயும் இங்கிலீஷே பேசிடட்டுமா?"

சேலத்து நெசவுக் குடும்பங்கள் பலவற்றில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ வீட்டு மொழி. அந்த வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இரண்டு மூன்று மொழிகளோடு வளர்ந்துதான் வந்திருக்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலப்பது குழப்பத்தின் அறிகுறி ஆகாது. கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

வீட்டில் உங்களுக்கு எந்த மொழி தாராளமாக வருகிறதோ அதில் பேசுங்கள். தடுமாறும் ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட், ஸ்லீப்" என்ற நான்கு ஏவல்களோடு நின்றுவிடும் வீட்டில், கதையும் கேலியும் 'ஏன்', 'எப்படி' என்ற விளக்கமும் காணாமல் போகும். ஒரு மொழியில் ஆழமாகச் சிந்திக்கப் பழகிய பிள்ளைக்கு இரண்டாவது மொழி மேலே ஏறி உட்காரும்.

9. "ரெண்டரை வயசாகியும் பேச்சு வரலை. அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினாராம். காத்திருக்கலாமா?"

இந்த ஒன்றில் மட்டும் காத்திருக்காதீர்கள். தாமதமாகப் பேசுவது சில குடும்பங்களில் தொடர்வது உண்மைதான், ஆயினும் உங்கள் பிள்ளையின் தாமதமும் அதே வகையா என்பதை வீட்டில் இருந்தபடி முடிவு செய்ய இயலாது. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, வேண்டியதை விரலால் சுட்டாதது, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' போல இரண்டு சொல்லைச் சேர்க்காதது, எந்த வயதிலாயினும் வந்த பேச்சு நின்றுபோவது ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டி, முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று மொழி பேசும் வீடு என்பதை இதற்குச் சமாதானமாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். 8-ஆம் பதிலில் சொன்னபடி மொழிகள் பேச்சைத் தடுப்பதில்லை.

2013 முதல் நடந்துவரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அந்த நாளை உங்கள் அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வைத்து, அன்று பிள்ளையை வேறெங்கும் அழைத்துச் செல்லாமல் இருங்கள். மேல் சிகிச்சை தேவைப்பட்டால், வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்க மாவட்ட அளவில் அமைக்கப்பட்ட இடையீட்டு மையத்துக்கு அவர்களே அனுப்புவார்கள்.

10. "போன் கொடுத்தாதான் வாய் திறக்கறான். இல்லைன்னா ஒரு வாய் சோறு இறங்காது."

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்றும், குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. மூன்று, நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், மூன்று மணி நேர ஓட்டமும் நடையும் வேண்டும் என்பதையும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. திரை தின்பது பெரும்பாலும் இந்த இரண்டின் நேரத்தைத்தான். வெளியூரில் வேலை செய்யும் அப்பாவோடு வீடியோவில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"நீங்களும் நிலாவைக் காட்டித்தானே ஊட்டினீங்க?" என்று ஓர் இளம் தாய் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. நிலாவைக் காட்டும்போது பேசுவது அம்மா. குழந்தை கேட்டால் பதில் வரும், வாயில் உள்ளது போதும் என்று தலையை ஆட்டினால் கை நிற்கும். போனுக்கு முன்னால் வயிறு நிறைந்ததே தெரியாமல் விழுங்கும். நிறுத்தும்போது மூன்று நான்கு நாள் பட்டினிப் போராட்டம் இருக்கும். சிறிய தட்டில் தன் கையால் எடுத்து உண்ணுமாறு வைத்து, நீங்களும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெரியவர்கள் போனும் அடுத்த அறையில் இருக்கட்டும்.

11. "எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எஸ்டேட் வேலைக்குப் போய்ட்டு சாயந்திரம்தான் வர்றேன். நான் எதைச் சொல்லிக் கொடுக்கறது?"

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் தாய் இப்படிக் கேட்டார். அவருடைய நான்கு வயது மகள் அப்போது திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவின் மடியிலிருந்து உதிர்ந்த காப்பிப் பழங்களைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். பச்சை ஒரு குவியல், சிவப்பு ஒரு குவியல். மஞ்சளும் சிவப்புமாக இருந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். "அது நாளான்னைக்குப் பழுக்கும் பாப்பா, தனியா வை," என்றார் அந்தத் தாய், என்னிடம் பேசுவதை நிறுத்தாமலே. மகள் மூன்றாவது குவியலைத் தொடங்கினாள்.

வகைப்படுத்துதல், காலத்தை எண்ணிப் பார்த்தல், இரண்டிலும் அடங்காததற்கு ஒரு புது இடம் கண்டுபிடித்தல் எனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் திட்டமிட்டு நடத்தும் பாடம் அது. சில்வர் ஓக்கில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி, பலாப்பிஞ்சு, பாதையில் குறுக்கே போன அட்டை என்று நடக்கிற வழியில் பெயர் சொல்லிக் காட்டுங்கள். அன்று நடந்ததை இரவில் அவள் வாயால் சொல்லக் கேளுங்கள். படித்தவர்கள் பலர் செய்யத் தவறுவது இந்தக் கடைசிச் செயலைத்தான். பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது தாயின் குறையாகாது: 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கூறியது.

12. "ஒரே கதையை நாப்பது தடவை கேக்கறா. புதுசு சொன்னா வேண்டாங்கறா. எனக்குத்தான் அலுத்துப்போகுது."

அலுக்கட்டும், சொல்லுங்கள். முதல் பத்து முறை என்ன நடக்கிறது என்று கேட்கிறாள்; பிறகு சொற்களைக் கேட்கிறாள்; கடைசியில் அடுத்து வருவதை உங்களுக்கு முன்னால் சொல்லத் தொடங்குகிறாள். அந்தக் கட்டம் வந்ததும் வேண்டுமென்றே ஓர் இடத்தில் தவறாகச் சொல்லிப் பாருங்கள். எழுந்து நின்று திருத்துவாள்.

13. "சீட்டு கேட்டுப் போனோம். பிள்ளையை இன்டர்வியூ பண்ணி, கலர் சொல்லலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இது சரியா?"

முறையன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். ஆனால் அந்தச் சட்டம் 'குழந்தை' என்பதை 6 முதல் 14 வயது எனக் கொள்வதால், எல்கேஜி சேர்க்கைக்கு இந்தத் தடை பொருந்துமா என்ற வழக்காடல் எழுந்ததுண்டு. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காடு இடத்தைப் பற்றிய 12-ஆம் பிரிவோ முன்பருவ வகுப்புகளையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது.

சட்டம் எப்படியாயினும், புது அறையில், புது முகத்துக்கு முன், மூன்று வயதுப் பிள்ளை வாய் திறக்காதிருப்பது நல்ல எச்சரிக்கை உணர்வு. அதைத் தோல்வியாகக் குறித்துக்கொள்ளும் இடம் உங்கள் பிள்ளைக்கு ஏற்றதன்று.

14. "எல்லா போர்டுலயும் மாண்டிசோரின்னு போட்டிருக்கு. எதை நம்பிச் சேர்க்கறது?"

பிள்ளை தானே பொருளைத் தேர்ந்து, கையால் செய்து கற்கும் முறைதான் மாண்டிசோரி. அதை வகுத்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரினால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் இருந்தார். இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருந்தும், நம் ஊர்களில் அந்தப் பெயர் 'எல்கேஜி உண்டு' என்பதற்கு மறுபெயராகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் நிலைமை.

ஆகவே பலகையை விடுத்து உள்ளே பாருங்கள். பொருள்கள் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கின்றனவா? ஒரே நேரத்தில் பிள்ளைகள் வெவ்வேறு வேலையில் இருக்கிறார்களா? சுவரில் ஒட்டியுள்ள படங்கள் முப்பதும் ஒன்றுபோல் இருந்தால், அவற்றை வரைந்தது ஆசிரியர் என்று அறிந்துகொள்ளலாம். கழிப்பறைக்குத் தானாகப் போய்வர முடிகிறதா, தண்ணீர் கேட்டுக் கையைத் தூக்க வேண்டியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஆண்டு விழாவன்று போகாதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஃபீஸ் விவரம் கேட்கும் சாக்கில் போய், வராந்தாவில் ஐந்து நிமிடம் நின்று, உள்ளே யாருடைய குரல் அதிகம் கேட்கிறது என்று மட்டும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.